புதுப்பிப்பு: தலைக்காயத்துக்குப் பிறகு 15-க்கு 15 வந்தும் தம்பிக்கு மறதி

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு கிளாஸ்கோ கோமா அளவு 9-லிருந்து 15 ஆகிவிட்டது, ஆனால் மறதியும் எரிச்சலும் போகவில்லை, ஏன் என்று கேட்டிருந்தேன்.

"அந்த 15 விழிப்பு நிலையைத்தான் காட்டும், மோகா சோதனை செய்யச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. நினைவு, கவனம் போன்றவற்றைப் பார்க்கும் அந்தச் சோதனையில் 30-க்கு 21 வந்தது. 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டுமாம். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துக் கேட்டபோது ஒன்றுகூட அவனுக்கு நினைவில் இல்லை. அப்புறம் பயிற்சி: நோட்டில் எழுதி வைப்பது, போனில் அலாரம், ஒரு நேரத்தில் ஒரே வேலை.

ஆறாம் மாதம், அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு திரும்பியிருக்கிறான் என்று பார்க்கும் விரிவான கிளாஸ்கோ விளைவு அளவில் (1 இறப்பு, 8 நல்ல மீட்சி) 6 வந்தது. கடைக்கு அரை நாள் போகிறான். எங்களிடமும் கேள்வி கேட்டார்கள். நல்லவேளை, அவனை மட்டும் கேட்டிருந்தால் 8 என்றிருப்பான்!

எதிர்பாராதது ஒன்று. அடுப்பில் பால் தீய்ந்தும் அவனுக்குத் தெரியவில்லை. அடிபட்டதில் மோப்ப நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். அதுவரை வாசனை தெரிகிறதா என்று நாங்கள் யாருமே அவனைக் கேட்டதில்லை. இப்போது சமையலறையில் கேஸ் கசிவு அலாரம் மாட்டியிருக்கிறோம்.