மறு: பங்கேற்புக் காணொளி – வேற சொல்லு கெடைக்குமா?

> பங்கேற்புக் காணொளின்னே வச்சிரலாம், எல்லாருக்கும் புரியும்

புரியும் அண்ணாச்சி, ஆனா தப்பாப் புரியும். சனங்களே கேமராவப் பிடிச்சு அவங்க கதைய அவங்களே எடுக்குத participatory video-வுக்குத்தான தமிழ்ச் சொல்லு தேடுதோம். பங்கேற்புன்னா யாரோ நடத்துத கூட்டத்துக்குப் போயி கையெழுத்துப் போட்டு டீ குடிச்சிட்டு வாரதுன்னு கிராம சபையில நமக்குப் பழகிப்போச்சு. இங்க விசயமே கேமரா யாரு கையில இருக்கு, எடுத்தத மொதல்ல யாருக்குப் போட்டுக் காட்டுதோம்ங்கிறதுதான். 1967ல கனடாவுல ஃபோகோ தீவு, மீன்பிடி படுத்துப்போயி அரசாங்கம் ஆளுகள வேற எடத்துக்குக் குடியேத்தப் பாத்த நேரம், அந்த நாட்டு அரசாங்கப் பட நிறுவனமான ஃபிலிம் போர்டோட இயக்குநர் காலின் லோ எடுத்த படங்கள தீவுக்காரங்களுக்கே போட்டுக் காட்டி, அவங்க சரின்ன பெறகுதான் மந்திரிமாருக்குக் காட்டுனாங்க, பொறவு மீனவர் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு, சனங்க தீவ விட்டுப் போகல. (கேமரா என்னமோ அப்பவும் ஃபிலிம் போர்டு ஆளு கையிலதான்.)

> ஊர்க்காணொளி?

வேண்டாம். நம்ம பக்கம் ஊர்னா காலனி அதுல சேராது, கொடைக்கு வரி பிரிக்கும்போது பாருங்க தெரியும். பங்காளர் காணொளின்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, நெல்லைச் சீமையில பங்காளின்னா கோர்ட்டு வாய்தாதான் ஞாபகம் வரும்.

தெலங்கானா பஸ்தாபூர்ல டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டிங்கிற தொண்டு நிறுவனத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் விவசாயப் பெண்கள், பள்ளிக்கூடம் போகாதவங்க, கேமரா கைக்கு வந்ததும் சொல்லையும் அவங்களே போட்டுட்டாங்க: மேலருந்து கீழ பாத்து எடுத்தா பட்டேல் (பண்ணையார்) ஷாட், அண்ணாந்து எடுத்தா அடிமை ஷாட், எல்லாரும் சமமா உக்காருத சங்கத்துல மாதிரி கண்ணுக்கு நேரா எடுத்தா சங்கம் ஷாட். நாம இங்கன அகராதிய வச்சு மல்லுக்கட்டுதோம்.

நான் சொல்லுதது தன்குரல் படம். காணொளி வேண்டாம், முக்கூடல்ல பீடி சுத்துத அக்காமார் வாயில அது வராது, படம்னா வரும்.

---

தம்பி, தன்குரல்னா ஒத்தையாளு பேசுத மாதிரில்லா இருக்கு. என்னத்த எடுக்கணும், எத வெட்டணும்னு கூடி உக்காந்து முடிவெடுக்குத வேலை இது. பன்மையில தம்குரல் படம்னு போடுவோம். சந்தி பாத்து தங்குரல்னு எழுதிராதிய, தங்குற எடம்னு வாசிப்பான்.

சமுதாய வானொலிங்கிற சொல்லு நல்லா நிலைச்சிட்டு, அதத் தொட வேண்டாம். ஆனா உங்க சொற்பட்டியல்ல facilitator-க்கு ஏதுவாளர்னு ஒண்ணு கெடக்கே, அத எடுங்க. கேமராவக் கையில குடுத்துட்டு ஒதுங்கி நிக்கிறவருக்குத் துணையாள் போதும்.