மடக்குக்கத்தி மூட்டுக்கு எண்ணெய் போட்டால் சட்டைப் பை வரை வழிகிறது, என்ன செய்வது?

தங்கச்சிமடம் நண்டுவலை:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் இதனால் வீட்டில் தினமும் ஏச்சு வாங்குகிறேன்.

என்னிடம் ஒரு மடக்குக்கத்தி இருக்கிறது. சவுதியில் வேலை பார்க்கிற மாமா போன தடவை ஊருக்கு வந்தபோது கொடுத்தது. மூன்று விரல் நீளத்துக்கு பிளேடு. திறந்ததும் பிடிக்குள் இருக்கிற ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடியில் முட்டி நிற்கும், அதுதான் லாக். வல்லத்தில் தங்கூசி நரம்பு அறுக்க, கயிறு வெட்ட, வலையில் சிக்கின பாசியைக் கழிக்க எல்லாவற்றுக்கும் இதுதான்.

பிளேடில் ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருக்கிறது. ஆனாலும் மூன்றே மாதத்தில் மூட்டுப் பக்கம் காவி நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்துவிட்டது. திறக்கக் கட்டைவிரல் நோகிறது. அம்மா நல்லெண்ணெய் விடச் சொன்னார். விட்டேன். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போனது, அப்புறம் நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆகிவிட்டது. சரி என்று தையல் மெஷின் எண்ணெய் வாங்கி, குப்பி மூக்கை மூட்டில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினேன். மூட்டுக்குள் போனதைவிடப் பிடிக்குள் போனதுதான் அதிகம். கோயில் திருவிழாவுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையின் பையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. கச்சான் காற்று அடிக்கிற நேரம் வேறு. கரையில் பத்து நிமிடம் நின்றால் மணல் முழுக்க அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்கிறது. கத்தியைத் திறந்தால் அம்மியில் அரைக்கிற சத்தம்.

முந்தாநாள் இன்னொன்று நடந்தது. கயிறு அறுக்கும்போது லாக் நழுவி பிளேடு மடங்கிவிட்டது. சுட்டுவிரலில் கீறல், தையல் போடுகிற அளவுக்கு இல்லை. எண்ணெய் விட்டதால்தானா இது? சிந்தாமல் எப்படிப் போடுவது, எந்த எண்ணெய், எவ்வளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு பைக் மெக்கானிக்:

டபிள்யூடி-40 ஸ்பிரே அடி தம்பி, முடிந்தது வேலை. பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் நான் அதுதான். சிவப்புக் குழாயை மாட்டி மூட்டில் ஒரே அடி. எதற்கு இவ்வளவு யோசனை?

கீழக்கரை காக்கா:

மெக்கானிக் தம்பி சொன்னதில் பாதி சரி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் விரல் விஷயம்.

அந்த மாதிரி லாக்கில் தகடு பிளேடின் அடியில் நிற்பதே உரசலின் பிடிமானத்தால்தான். முட்டுகிற அந்த ஒரு மில்லிமீட்டர் இடத்தில் எண்ணெய் பட்டால் வழுக்கத்தான் செய்யும். ஈர்க்கு முனையில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டு, தகட்டின் நுனியையும் அது முட்டுகிற பிளேடின் அடியையும் துடைத்து எடு. பஞ்சு வெள்ளையாகத் திரும்பி வரும்வரை துடை. அதற்குப் பிறகும் நழுவினால் தகடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கத்தியைக் கயிறு பக்கம் கொண்டுபோகாதே, மாம்பழம் நறுக்க வைத்துக்கொள்.

இனி எண்ணெய். நான் முப்பத்தெட்டு வருடம் கைக்கடிகாரம் பார்த்தவன். இப்போது கண் ஒத்துழைப்பதில்லை, கடையை மகன் செல்போன் கடையாக மாற்றிவிட்டான். தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத் முதல் ஆறு மாதம் என்னை எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவே விடவில்லை. துடை, துடை, துடை, அவ்வளவுதான். ஹெச்எம்டி ஜனதா கைக்கடிகாரத்துக்குள் 17 சின்னக் கல் இருக்கும். அச்சு சுழலுகிற கல்லில் குட்டியாக ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் நிற்கிற அளவுக்கு எண்ணெய் வைத்தால் அச்சை விட்டு நகராது. ஒரு கடுகு கூடிப்போனால் குழியைத் தாண்டித் தகட்டில் பரவும். பரவுகிற எண்ணெய் தன் பின்னாலேயே குழியில் இருந்ததையும் இழுத்துக்கொண்டு போகும். வழிய வழிய எண்ணெய் வைத்த கடிகாரம் அச்சு காய்ந்து என்னிடம் திரும்பி வரும். உன் கத்தியிலும் அதேதான் நடந்திருக்கிறது. சட்டைப் பைக்குப் போனது மூட்டில் இருக்க வேண்டிய எண்ணெய்.

வீட்டில் ஒரு தையல் ஊசி இருக்கும். அதன் கூர்முனையை எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில்லின் வாயில் செருகு, கண் வெளியே இருக்கட்டும். ஊசிக் கண்ணை எண்ணெயில் முக்கி எடுத்தால் அந்த ஓட்டையில் ஒரு துளி கண்ணாடி போட்டதுபோல நிற்கும், விழாது. அதுதான் உன் அளவு. குப்பி மூக்கிலிருந்து விழுகிற ஒரு சொட்டை வைத்து நாலைந்து கத்திக்குப் போடலாம். பிளேடைப் பாதி திறந்து பிடி. பிளேடுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஓர் இடைவெளி தெரியும், உள்ளே வாஷர் இருக்கிற இடம். ஊசிக் கண்ணை அங்கே சும்மா தொடு. தேய்க்காதே, அமுக்காதே. துளி தானாகவே உள்ளே போய்விடும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அந்தச் சங்கதிதான். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பிறகு இருபது தடவை திறந்து மூடு. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு கசியும். அதுதான் பழைய அழுக்கு. துடைத்துவிட்டு மறுபடி ஒரு துளி. இரண்டாவது தடவை கசிவது தெளிவாக வந்தால் போதும். கறுப்பாகவே வந்தால் மூன்றாவது தடவை.

ராத்திரி கத்தியைப் பாதி திறந்தபடி, மூட்டு கீழே இருக்கிற மாதிரி பழைய தினத்தாளில் சாய்த்து வை. பிள்ளைகள் கை எட்டாத இடமாகப் பார்த்து வை. வேண்டாதது எல்லாம் காகிதத்துக்கு இறங்கிவிடும். காலையில் துடைத்துவிட்டுப் பைக்குள் போடு. துடைக்கப் புதுப் பனியன் துணி வேண்டாம், பஞ்சு பஞ்சாக உதிரும். நாலு வருடம் துவைத்து மெலிந்த வேட்டித் துணிக்கு ஈடு கிடையாது.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் உப்பை எடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதே. கடல் தண்ணீர் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு மூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பை ஜாடி மூடாமல் வைத்தால் கசிகிறதல்லவா, அப்படித்தான் உன் மூட்டுக்குள்ளும் காற்று ஈரத்தை இழுத்துக் கசிந்துகொண்டே இருக்கும். அதன்மேல் எண்ணெய் விட்டால் உப்பை மூடி வைத்து வளர்ப்பதுபோலத்தான். ஸ்டெயின்லெஸ்ஸைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடு படலம். உப்பு அதை ஊசி குத்தினதுபோல அங்கங்கே குத்திவிடும். காற்றுப் புகாத இடுக்கில் படலம் திரும்பச் சேரவும் வழி இல்லை. பிளேடு பளபளவென்று இருக்க, மூட்டில் மட்டும் புள்ளி வந்தது அதனால்தான்.

டபிள்யூடி-40 என்ற பெயரே தண்ணீரை விலக்குவதற்கான நாற்பதாவது கலவை என்பதால் வந்தது. 1953-இல் செய்தார்கள். கழுவிய கத்தியில் ஒளிந்திருக்கிற ஈரத்தை வெளியேற்ற அது நல்ல சரக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது மெல்லிய பூச்சுதான். அதற்குப் பிறகு ஊசிக் கண் எண்ணெய் வேண்டும். குழாய் மாட்டி அடித்தால் லாக் தகடு முழுக்க நனையும் என்பதையும் மறக்காதே.

ராம்நாடு பைக் மெக்கானிக்:

காக்கா சொன்னால் மறுபேச்சு இல்லை. லாக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கழுவிய பிறகு பஞ்சர் கடையில் காற்றுக் குழாயை மூட்டில் காட்டச் சொல்லு. உள்ளே நிற்கிற தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வரும். கண்ணுக்கு நேராகப் பிடிக்காதே.

தங்கச்சிமடம் நண்டுவலை:

காக்கா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். கழுவ நல்ல தண்ணீர்தான் வேண்டுமா? எங்கள் தெருவில் குடத்துத் தண்ணீரைக் கத்தி கழுவ எடுத்தால் அம்மா அதே கத்தியை எடுத்துவிடுவார். கடலுக்குள்ளே நல்ல தண்ணீர் ஊறுகிற வில்லூண்டி தீர்த்தம் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்காக அங்கே போய்க் கத்தியை முக்க முடியாது.

கீழக்கரை காக்கா:

ஒரு டம்ளர் போதும் தம்பி. வெதுவெதுப்பாக்கி, பாத்திரம் துலக்குகிற சோப்பு ரெண்டு துளி விட்டு, கத்தியைத் திறந்தபடி பத்து நிமிடம் ஊறப்போடு. உன் நல்லெண்ணெய்ப் பிசினும் அதிலேயே இளகும். தண்ணீருக்குள்ளேயே திறந்து மூடி, பழைய பல் பிரஷால் மூட்டைத் தேய். இன்னொரு அரை டம்ளரில் அலசு. கிணற்றில் உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர். உன் கத்தியில் மரப்பிடியா? மரமென்றால் ஊறப்போடாதே, உப்பிப்போய் பிளேடு உள்ளே நுழையாது.

தொண்டி மருந்துக்கடை அக்கா:

பிளாஸ்டிக் பிடி என்றே நினைக்கிறேன், கேள்வியின் தோரணையைப் பார்த்தால்.

தம்பி, அந்தக் கத்தியில் மீனோ பழமோ நறுக்குவாய் என்றால் தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேள். மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுப்பது, அதனால் பிளேடில் மிச்சம் இருந்தாலும் வயிற்றுக்குப் பயமில்லை. நிறம் கிடையாது, வாடை கிடையாது, நல்லெண்ணெய்போலப் பிசுக்காது, காறல் வாடையும் வராது. கேட்கும்போது வெறும் பாரஃபின் என்று சொல்லிக் கேள். பால் மாதிரி கலங்கலாக, மெக்னீசியா கலந்து, இனிப்புப் போட்டு ஒரு சிரப் இருக்கும், அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை மூட்டில் விட்டால் உன் நல்லெண்ணெய்க் கதையைவிட மோசம். எங்கள் கடையில் ஒருவர் அப்படி வாங்கிப்போய்க் கதவுக் கீலுக்கு விட்டார், கதவு முழுக்க எறும்பு.

ஊசிக் கண் கைக்குப் பழகவில்லை என்றால் புது சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள். ஊசியின் அடிக் கொண்டை நிறத்தைப் பார்: பச்சை 21 கேஜ், கறுப்பு 22, நீலம் 23, எண் கூடக் கூட ஊசி மெல்லிசு. நீலமோ கறுப்போ சரியாக இருக்கும். இன்சுலின் ஊசி ரொம்ப மெல்லிசு, எண்ணெய் இறங்காது, அமுக்கி அமுக்கிக் கடைசியில் பீச்சியடிக்கும். வாங்கியதும் ஊசியின் கூர்முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கிவிடு. முழுத் துளி திரளும்வரை அமுக்காதே, முனையில் ஈரம் மினுங்கினதும் தொட்டு எடுத்துவிடு. யாரோ போட்டுக்கொண்ட ஊசியைக் குப்பையிலிருந்து எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். சிரிஞ்சை மூடிபோட்டு, மேலே “எண்ணெய்” என்று எழுதி ஒட்டி வை.

பாம்பன் வலைக்கடை:

நானும் இதே மாதிரி கத்திதான் வைத்திருக்கிறேன். கழற்றிப் பார்க்கிற ஆசை வரும். மூட்டு ஸ்குரூவின் தலை ஆறு முனை நட்சத்திரமாக இருக்கும், சாதாரண ஸ்குரூ டிரைவரை நுழைத்துத் திருகினால் மொழுக்கென்று ஆகிவிடும், பிறகு யாராலும் கழற்ற முடியாது. நான் செய்த முட்டாள்தனம். சரியான டிரைவர் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கழற்றலாம். என் கத்தியில் வாஷர் வெண்கலம், கழற்றினபோது ஓரமெல்லாம் பச்சைப் பச்சையாகக் களிம்பு. திரும்ப மாட்டும்போது ரொம்ப இறுக்கினால் பிளேடு நகராது, தளர்வாக விட்டால் ஆடும். கால் சுற்று கால் சுற்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். எண்ணெய் போட்டு நாலு நாளில் ஸ்குரூ தானாகத் தளர்ந்தால் மரையில் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். மரையை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, ஒரு பொட்டு நகப்பாலிஷ் வைத்துத் திருகுங்கள்.

தங்கச்சிமடம் நண்டுவலை:

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அக்கா சொன்னது சரி, பிளாஸ்டிக் பிடிதான்.

நேற்று ஞாயிறு, கடலுக்குப் போகவில்லை. ஊறப்போட்ட டம்ளரின் அடியில் மணல் மட்டும் ஒரு சிட்டிகை தேறும், நண்டுக்கால் துணுக்கு ஒன்றும் கிடந்தது. பஞ்சர் கடை அண்ணன் காற்று அடித்துவிட்டுக் காசு வாங்கவில்லை. ஊசிக் கண்ணில் பாரஃபின் நிற்கிறதைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம், சவ்வு மாதிரி நிற்கிறது. இடைவெளியில் தொட்டதும் காணாமல் போய்விட்டது. முதல் தடவை கசிந்தது காப்பிக் கஷாயம்போலக் கறுப்பு, இரண்டாவது பழுப்பு, மூன்றாவது தண்ணீர். மொத்தம் ஆறு துளி. முன்பு ஒரே அமுக்கில் விட்டதில் இது எத்தனையில் ஒரு பங்கோ. காலையில் தினத்தாளில் சின்ன வட்டமாக ஓர் ஈரம், அவ்வளவுதான்.

லாக்கைத் துடைத்த பிறகு, விரலை வழியில் வைக்காமல், பிளேடின் முதுகைப் பலகையில் தட்டிப் பார்த்தேன். நிற்கிறது. இன்று நாலு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) கயிறு அறுத்தேன், அசையவில்லை. புள்ளிகளில் இரண்டு மட்டும் போகவில்லை, குழி விழுந்துவிட்டது.

சட்டைக் கறைக்கு ஏதாவது வழி உண்டா?

தொண்டி மருந்துக்கடை அக்கா:

முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கறைமேல் தடிமனாகக் கொட்டி ஒரு ராத்திரி விடு. காலையில் உதறிவிட்டு, பாத்திர சோப்பைத் தண்ணீர் சேர்க்காமல் தேய்த்து, அப்புறம் துவை. கறை போவதற்குள் வெந்நீர், இஸ்திரி ரெண்டும் காட்டாதே, சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

தங்கச்சிமடம் நண்டுவலை:

இரண்டு ராத்திரி போட்டேன் அக்கா. முக்கால்வாசி போய்விட்டது, பை மடிப்பில் மட்டும் நிழல் மாதிரி நிற்கிறது. அம்மா இப்போது சட்டையை விட்டுவிட்டு, பொத்தான் தைக்க வைத்திருந்த ஊசியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். அது என் பேனா ரீஃபில்லில் இருப்பதை இன்னும் சொல்லவில்லை.