சிஜிபிஏ என் கணக்கைவிட அதிகமாக வந்திருக்கிறது, பிழையா?

ஆறாம் செமஸ்டர் என்ற பெயரில் ஒரு மாணவர் எழுதியது:

இறுதி மதிப்பெண் பட்டியல் நேற்று கைக்கு வந்தது. சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, பத்துக்கு 7.67, முதல் வகுப்பு. சந்தோஷப்பட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், கால்குலேட்டரை எடுத்ததுதான் தப்பு. என் எஸ்ஜிபிஏ (ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனித்தனியான சராசரிப் புள்ளி) வரிசையாக 8.40, 8.09, 6.50, 7.18, 7.00, 8.00. கூட்டி ஆறால் வகுத்தால் 7.53தான் வருகிறது.

குறைந்திருந்தால் போய்ச் சண்டை போடலாம். கூடியிருக்கிறதே, இதற்கு என்ன செய்வது? வீட்டில் "கமுக்கமாக இரு" என்கிறார்கள். மேற்படிப்பில் சேர்ந்த பிறகு யாராவது கண்டுபிடித்துப் பட்டத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன ஆவது என்று தூக்கம் வரவில்லை. இன்னொன்று, விண்ணப்பத்தில் சதவீதம் கேட்கிறார்கள். 9.5ஆல் பெருக்கிப் போட்டால் போதும்தானே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் ஆறால் வகுப்பதை விடுங்கள். எல்லா செமஸ்டரும் ஒரே எடை கிடையாது. ஒவ்வொரு பாடத்திலும் வாங்கிய கிரேடு புள்ளியை அந்தப் பாடத்தின் கிரெடிட்டால், அதாவது அதற்குக் கொடுத்த எடையால், பெருக்க வேண்டும். 4 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி என்றால் 36. அதே 9 புள்ளியை 2 கிரெடிட் ஆய்வகப் பாடத்தில் வாங்கினால் 18தான். எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சிஜிபிஏ. அதிக கிரெடிட் உள்ள செமஸ்டரில் நன்றாகச் செய்திருப்பீர்கள், அதனால் கூடியிருக்கும். செமஸ்டர் வாரியாக கிரெடிட்டைப் போடுங்கள், பார்ப்போம்.

ஆறாம் செமஸ்டர்:

கிரெடிட் 20, 22, 24, 22, 26, 26. மொத்தம் 140. நீங்கள் சொன்னபடி பெருக்கினால் 168, 178, 156, 158, 182, 208. கூட்டினால் 1050. 140ஆல் வகுத்தால் சரியாக 7.50! இன்னும் குறைந்துவிட்டது. இப்போது பயம் இரட்டிப்பாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:

ம்ம். கடைசி இரண்டு செமஸ்டர்தான் கனமானவை. அதில் ஒன்றில் 7.00 எடுத்திருக்கிறீர்கள், அது கீழே இழுக்கிறது. என் ஊகம் தவறு. ஆனால் முறை சரி.

பழைய மாணவி எழுதியது:

வித்தியாசத்தைப் பின்னாலிருந்து பாருங்கள். 7.67க்கும் 7.50க்கும் இடையில் 0.17. அதை 140ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 24 புள்ளி. 24 என்பது 4 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளி, அல்லது 3 கிரெடிட் பாடத்தில் 8 புள்ளி. ஒரு முழுப் பாடத்தின் புள்ளி உங்கள் கணக்கில் விடுபட்டிருக்கிறது. தம்பி, கேட்பதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம்: எல்லாவற்றிலும் குறைவாக இருக்கும் மூன்றாவது செமஸ்டரில் அரியர், அதாவது தேறாமல் நின்ற தாள், ஏதாவது இருந்ததா?

ஆறாம் செமஸ்டர்:

இருந்தது அக்கா. சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதவில்லை. 4 கிரெடிட் புள்ளியியல் தாள். அடுத்த செமஸ்டரோடு மறுபடி எழுதினேன், பி கிரேடு, 6 புள்ளி.

பழைய மாணவி:

அப்படியென்றால் முடிந்தது. மூன்றாவது செமஸ்டர் பட்டியல் அச்சானபோது அந்தத் தாளுக்கு 0 புள்ளி. ஆனால் அதன் 4 கிரெடிட் வகுக்கும் எண்ணில் இருந்தது. அதனால்தான் 6.50. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்ற 20 கிரெடிட்டில் 156 புள்ளி, அதாவது 7.80 எடுத்திருக்கிறீர்கள். மோசமான செமஸ்டரே இல்லை அது.

பிறகு தேறியதும் 24 புள்ளி சேர்ந்தது. பழைய பட்டியலை யாரும் திருத்தி அச்சடிக்க மாட்டார்கள், ஆனால் இறுதி சிஜிபிஏ புது கிரேடை எடுத்துக்கொள்ளும். 1050 உடன் 24 சேர்த்தால் 1074, 140ஆல் வகுத்தால் 7.67. உங்கள் பல்கலைக்கழகம் சரியாகத்தான் போட்டிருக்கிறது. இது எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் பழைய, புதிய கிரேடு இரண்டையும் கணக்கில் வைப்பார்கள். மறுமுறை எழுதினால் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தராத இடங்களும் உண்டு.

ரஃப் நோட்டு எழுதியது:

9.5 விஷயத்தை யாரும் கவனிக்கவில்லையா? அது இந்தியாவில் சிபிஎஸ்இ வாரியம் பத்தாம் வகுப்புக்குச் சொன்ன பெருக்கல். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அப்படியே ஒட்டாது. தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ தந்த ஒப்பீட்டில் 6.25க்கு 55 சதவீதம், 6.75க்கு 60, 7.25க்கு 65 என்று போகும், அதாவது 0.75ஐக் கழித்துப் பத்தால் பெருக்குவது. உங்கள் 7.67ஐ வைத்துப் பாருங்கள்: 9.5ஆல் பெருக்கினால் 72.9, ஏஐசிடிஇ வழியில் 69.2, வெறும் பத்தால் பெருக்கினால் 76.7. ஒரே பட்டம், மூன்று சதவீதம்!

உண்மையில் சிஜிபிஏயிலிருந்து அசல் மதிப்பெண்ணைத் திரும்ப எடுக்கவே முடியாது. 71 வாங்கியவருக்கும் 79 வாங்கியவருக்கும் ஒரே எழுத்து கொடுத்த பிறகு அந்த எட்டு மதிப்பெண் எங்கே போய் ஒட்டும்? ஆகவே மார்க் ஷீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், மாற்றும் சூத்திரம் பெரும்பாலும் அங்கே இருக்கும். இல்லையென்றால் தேர்வுப் பிரிவில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் நீங்களாக மாற்றவே வேண்டாம், 7.67/10 என்று எழுதி டிரான்ஸ்கிரிப்டை (எல்லாப் பாடங்களின் கிரேடும் உள்ள அதிகாரபூர்வப் பட்டியல்) வையுங்கள். ஜெர்மனியில் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுவது. தேர்ச்சி 4 என்றால் உங்களுக்கு 2.165, தேர்ச்சி 5 என்றால் 2.40. அங்கே 1.0தான் உச்சம், எண் குறையக் குறைய நல்லது. என் நண்பன் இது தெரியாமல் 2.2ஐப் பார்த்து ஒரு நாள் முழுக்க அழுதான்.

பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 60க்கு மேல் இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. 68 என்று யாராவது சொன்னால் பரிதாபப்பட வேண்டாம்.

ஆறாம் செமஸ்டர்:

மூன்று பேருக்கும் நன்றி. பின்பக்கத்தில் சூத்திரம் இருக்கிறது! பொடி எழுத்தில், மூன்று வருடமாகப் பார்க்கவே இல்லை. கடைசியாக ஒன்று. என் தோழிக்கு 7.55தான், ஆனால் அவளுக்கு "முதல் வகுப்பு, சிறப்புத் தகுதி" என்று போட்டிருக்கிறது. எனக்கு வெறும் முதல் வகுப்பு. இதாவது பிழையா?

பழைய மாணவி:

இல்லை தம்பி, அதுவும் அந்தப் புள்ளியியல் தாள்தான். சிஜிபிஏ புள்ளியோடு, எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான விதிமுறைப் புத்தகத்தில் வகுப்பு வழங்கும் பகுதியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். புதிய ஆண்டின் விதியைப் பார்த்துவிட வேண்டாம், எண்கள் மாறியிருக்கும்.

ஆறாம் செமஸ்டர்:

பார்த்துவிட்டேன், அப்படித்தான் இருக்கிறது. 24 புள்ளியைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டது அந்தத் தாள். சரி, பட்டத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். தூங்கப் போகிறேன்.