துபாய்க்குப் பாய் அனுப்ப வணிகக் கவுன்சில் உதவுமா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும்.

பத்தமடையில் பாய் வாங்கி விற்கிறேன். ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான ஐஇசி எண் எடுத்தாயிற்று. போன வருஷம் துபாயிலிருந்து ஒருவர் வாட்ஸாப்பில் மாதிரி கேட்டார். தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்துக் கீறிய கோரையில் நெய்த பட்டுப்பாய். வேட்டி மாதிரி மடியும். நாலு அனுப்பினேன். அதோடு ஆள் காணோம். கூரியர் செலவும் போச்சு.

இந்தியா–அமீரக வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள சுங்கவரிச் சலுகைக்குப் பூர்விகச் சான்று, அதாவது சரக்கு இந்தியாவில் செய்ததுதான் என்ற சான்று, வேண்டும். அதைவிட முதலில் நம்பிக்கையான ஆள் வேண்டும். இரு நாட்டு வணிகர்களையும் இணைக்கும் அமைப்புகளான வணிகக் கவுன்சில்கள் வாங்குபவர்–விற்பவர் சந்திப்பு நடத்துகின்றன, தூதுக்குழுக்களை அழைத்து வருகின்றன. அதெல்லாம் கோட்டு சூட்டுக்காரர்களுக்குத்தானோ என்று தயக்கம்.

யாராவது அப்படி ஒன்றில் உறுப்பினரா? சந்தா எவ்வளவு? எதிராளி கம்பெனி நிஜமா என்று விசாரித்துச் சொல்வார்களா, இல்லை விருந்தும் விசிட்டிங் கார்டும்தானா? தனியாகச் சேர்வதா, நாலைந்து பேர் சங்கமாகச் சேர்வதா? அப்புறம், தூத்துக்குடி வழியாகச் சின்னச் சரக்கைப் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.