‘நுண்துளைச் சிகிச்சை’ பொருந்துமா?

வணக்கம்.

சிறாரின் சிறுநீர்நாளத்தில் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்) சிக்கும் கல்லை உடலுக்கு அதிகக் காயமின்றி அகற்றும் (minimally invasive) முறைகளுக்கு ‘நுண்துளைச் சிகிச்சை’ என்று பெயரிடலாம் என ஐயா முன்மொழிந்திருந்தார்கள். சொல் செவிக்கு இனிமையாக இருப்பினும், துளையே இடாத சிகிச்சைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதே என் தயக்கம். முதுகில் துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறைக்கு அது சரி. நாளத்துக் கல்லுக்கோ, சிறுநீர் வெளிவரும் வழியிலேயே மெல்லிய நோக்கியை (உள்ளே பார்க்க உதவும் குழாய்க் கருவி) செலுத்தி, சிறுநீர்ப்பையைக் கடந்து நாளத்துக்குள் ஏறி, லேசரால் கல்லைப் பொடிக்கிறார்கள். சிறாருக்கான நோக்கிகளில் நுனி 4.5 ஃபிரெஞ்சு (குழாய்க் கருவிகளின் தடிமனைக் குறிக்கும் அலகு) அளவுடையவையும் உண்டு. 3 ஃபிரெஞ்சு 1 மில்லிமீட்டர் என்பதால், அந்நுனியின் தடிமன் 1.5 மில்லிமீட்டர்தான். (1912இல் அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் நாளத்துக்குள் முதன்முதலில் நோக்கியைச் செலுத்தியதும் ஒரு குழந்தைக்குத்தான், அக்குழந்தையின் நாளம் விரிந்து வீங்கியிருந்ததால் அது இயன்றது.)

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் மொழிபெயர்த்து உதவச் சென்றிருந்தபோது, யீஷூனிலிருந்து பேரனுடன் வந்திருந்த பாட்டி ஒருவர், விளக்கத்தாளில் ‘துளை’ என்ற சொல்லின்மீது விரலை வைத்தபடி, “துளை எங்கப்பா போடுவாங்க?” என்று கேட்டார். போதாக்குறைக்கு, அத்தாளில் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் நாளமும், பையிலிருந்து வெளியேறும் வழியும் ‘சிறுநீர்க்குழாய்’ என்றே அச்சாகியிருந்தன. தாதி வந்து படம் வரைந்து காட்டிய பிறகே அவர் கையெழுத்திட்டார்.

‘invasive’ என்பதற்கு நேராக வரும் ‘ஊடுருவல்’ என்பதையும் நான் ஏற்கவில்லை; தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்த நம் பிள்ளைகளுக்கு அது எல்லை தாண்டும் எதிரியைத்தான் நினைவூட்டும். ‘ஊறு’ என்ற சொல்லை எண்ணிப் பார்க்கலாம். “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்னும் குறளில் அது தொடுதல். அன்றாட வழக்கில் அது தீங்கு. உடலைத் தொட்டுச் செய்யும் சிகிச்சையின் காயத்தைக் குறிக்க இரண்டும் வேண்டும். முதலில் ‘சிற்றூறு’ என்று எழுதிப் பார்த்தேன். சிகிச்சையோடு புணரும்போது அது ‘சிற்றூற்று’ ஆகி நீரூற்றை நினைவூட்டுவதால், சிறுநீர் தொடர்பான இடத்தில் சிரிப்புக்கு இடமாகும். ஆகவே ‘ஊறுகுறை சிகிச்சை’ என்னும் வினைத்தொகையை முன்வைக்கிறேன். ஊறுகாயைச் சொல்லிக் கேலி செய்வோர் ஓரிரு நாளில் பழகிவிடுவார்கள். உடலுக்குள் கருவி எதுவும் நுழையாமல் வெளியிலிருந்தே கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சையை ‘ஊறிலாச் சிகிச்சை’ எனத் தனியே பிரிக்கவும் இது இடம் தருகிறது.

பாட்டியின் விளக்கத்தாளில், “கல் சிறுநீர்நாளத்தில் உள்ளது, சிறுநீர் வெளிவழி மூலம் நோக்கியைச் செலுத்தி, தோலைக் கீறாமல் ஊறுகுறை சிகிச்சை செய்யப்படும்” என்று இருந்திருக்கலாம். பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் வழிக்கு ‘வெளிவழி’ என்பதில் ஐயாவுக்கு உடன்பாடு உண்டா?