மாவு பிசையும் மெஷின் இறக்குமதி: சென்னையில் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும்?

மஞ்சக்குப்பம் பேக்கரி:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் கடை. சீனாவிலிருந்து மாவு பிசையும் ஸ்பைரல் மிக்சர் ஒன்று எடுக்கிறோம். எஃப்.ஓ.பி (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 4,000 டாலர், கப்பல் கட்டணம் 300 டாலர், எல்.சி.எல் (கன்டெய்னரைப் பிறரோடு பகிரும்) சரக்கு. பார்த்த கால்குலேட்டர் ஒவ்வொன்றும் ஒரு தொகை சொல்கிறது. எதை நம்புவது? கொஞ்ச நாள் கழித்து மெஷினை புதுச்சேரி முதலியார்பேட்டைக் கிளைக்கு மாற்றவும் யோசனை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
பழைய கால்குலேட்டர்களை விட்டுவிடுங்கள் சார். சி.ஐ.எஃப் (விலை, இன்சூரன்ஸ், கப்பல் கட்டணம் சேர்ந்த மதிப்பு) மேல் 1% இறக்குகூலி சேர்ப்பது 2017 செப்டம்பரோடு போய்விட்டது. 3% கல்வி செஸ்ஸுக்குப் பதில் 2018 முதல் 10% சமூகநல சர்சார்ஜ், அதுவும் அடிப்படை வரியின் மேல் மட்டும்.

மாவு மிக்சர் சுங்கப் பட்டியலில் 8438 10 தலைப்பில் வரும். அடிப்படை வரி 7.5%, ஜி.எஸ்.டி 18%, டாலர் 85 ரூபாய் என்று வைத்துப் போடுகிறேன். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதிப் படிவம்) போடும் நாளில் விகிதத்தை ஒருமுறை சரிபாருங்கள். டாலருக்கும் சுங்கத்துறை அறிவித்த மதிப்புதான், வங்கி ரேட் எடுபடாது.

இன்சூரன்ஸ் ரசீது இல்லையென்றால் எஃப்.ஓ.பியில் 1.125%, அதாவது 45 டாலர். சி.ஐ.எஃப் 4,345 டாலர், ரூபாயில் 3,69,325. அடிப்படை வரி 27,699. சர்சார்ஜ் 2,770. மூன்றையும் கூட்டினால் 3,99,794. அதில் 18% ஐ.ஜி.எஸ்.டி (இறக்குமதிக்கும் மாநிலம் தாண்டும் சரக்குக்குமான ஜி.எஸ்.டி) 71,963. கட்ட வேண்டியது 1,02,432 ரூபாய்.

கப்பல் கட்டண ரசீதை விடாமல் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் எஃப்.ஓ.பியில் 20%, அதாவது 800 டாலர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு தாள் இல்லாததற்கு வரியில் மட்டும் 11,800 ரூபாய்க்குப் பக்கம் கூடும்.

கூடவே அவனும் (ரொட்டி சுடும் அடுப்பு) எடுக்கிறீர்களா? கேஸ், டீசல் அவன் 8417 20. மின்சார அவன் 8514. மிக்சரோடு சேர்த்து 'பேக்கரி மெஷின் 1 செட்' என்று இன்வாய்ஸ் போட்டால் தலைப்பு பிரிப்பதிலேயே சரக்கு நின்றுவிடும். ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாக, மாடல் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.

துறைமுகத் தெரு:
வரியைக் கணக்குப் போட்டுவிடலாம், மற்ற கட்டணங்கள்தான் கையைக் கடிக்கும். எல்.சி.எல்லில் கப்பல் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, இங்கே இறங்கியதும் டி.ஓ கட்டணம் (சரக்கை விடுவிக்கும் ஆணைக்கு), டி.எச்.சி (துறைமுகத்தில் கையாளும் கட்டணம்), சி.எஃப்.எஸ் (கன்டெய்னரைப் பிரிக்கும் கிடங்கு) கூலி என்று வாங்குவார்கள். கன மீட்டர், டன் இரண்டில் எது கூடுதலோ அதன்படி. அனுப்புவதற்கு முன்பே இந்தப் பக்கத்துக் கட்டணப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். இவற்றின் மேல் 18% ஜி.எஸ்.டி தனி.

பில் ஆஃப் என்ட்ரி கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளே போட்டிருக்க வேண்டும். தாமதித்தால் முதல் 3 நாள் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. ஐ.இ.சி (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்), வங்கியின் ஏ.டி கோடு (அன்னியச் செலாவணி நடத்தும் வங்கிக் கிளையின் எண்) இரண்டையும் சரக்கு கிளம்புமுன் தயாராக வைத்திருங்கள். முதல்முறை இறக்குமதி செய்பவர்கள் ஏ.டி கோடில் சிக்குவதும் உண்டு. மரப்பெட்டியில் ஐ.எஸ்.பி.எம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று போட்டோ வாங்கிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் தாவர நோய்த்தடுப்புப் பிரிவு சரக்கை நிறுத்தும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

மஞ்சக்குப்பம் பேக்கரி:
மிக்க நன்றி. ஐ.ஜி.எஸ்.டி 71,963 திரும்பக் கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:
சாதாரண ஜி.எஸ்.டி பதிவு என்றால் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாக, கிடைக்கும். அப்போது உங்கள் உண்மையான வரிச்செலவு 30,469 மட்டுமே. காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தால் ஒரு பைசாவும் கிடைக்காது. 5% உணவக வரியில் பில் போட்டாலும் அப்படித்தான். கால்குலேட்டர் எதுவும் இதைக் கேட்பதில்லை.

கிளை விஷயம் இன்னும் முக்கியம். கடலூர் கடைக்கு 33-இல் தொடங்கும் ஜி.எஸ்.டி எண், புதுச்சேரிக்கு 34. பில் ஆஃப் என்ட்ரியில் எந்த எண்ணோ, கிரெடிட் அங்கேதான் ஏறும். இடையில் இருப்பது அரை மணி நேரப் பயணம்தான், ஆனாலும் சட்டப்படி வேறு வேறு ஆட்கள், மாற்றும்போது ஐ.ஜி.எஸ்.டி இன்வாய்ஸும் இ-வே பில்லும் வேண்டும். காம்போசிஷனில் இருப்பவர் மாநில எல்லை தாண்டி இப்படி அனுப்பவே முடியாது. கடைசியில் மிக்சர் முதலியார்பேட்டைக்குத்தான் என்றால் முதலிலேயே 34 எண்ணில் பில் ஆஃப் என்ட்ரி போட்டு, சென்னையிலிருந்து நேரே அங்கே இறக்குங்கள்.