மின்ட் போட்டால் வைரஸே வராதாமே!

செந்தூரான்:
"வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போடுங்கள், அப்புறம் வைரஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று நேற்று இந்த மன்றத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட்டின் சொந்த இணையதளத்திலேயே புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) இணைப்பை மாற்றி, பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்த கோப்பை விநியோகித்தார்களே, அது என்ன கணக்கு?

காவிரிக்கரை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். அன்று கைமாறியது இணையதளம், இயங்குதளம் அல்ல. ஏற்கெனவே மின்ட் போட்டிருந்த கணினிகளை அது தொடவே இல்லை. மறுநாளே, மின்ட்டை உருவாக்கிய கிளெம் லெஃபெவ்ர் எல்லாவற்றையும் வெளிப்படையாக அறிவித்தார்.

செந்தூரான்:
அறிவித்தார், சரி. உங்களை நம்பி அன்றைக்கு இறக்கியவன் கதி என்ன?

பொன்னி:
எதற்கு இந்தச் சண்டை? விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டரே போதும், புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தீநிரல் பரவியது 2017 மே 12 அன்று. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது.

காவிரிக்கரை:
நம் ஊரில் பாதி விண்டோஸ் கடைக்காரர் போட்டுக் கொடுத்த திருட்டுப் பிரதி. அதை உரிமமில்லாமல் ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் முதலில் கேட்பதே டிஃபெண்டரை அணைக்கச் சொல்லித்தான்.

பொன்னி:
யாரைச் சொல்கிறீர்கள்? நான் உரிமத்தைக் காசு கொடுத்து வாங்கியவள். ரசீது இருக்கிறது.

செந்தூரான்:
பேச்சை மாற்றாதீர்கள். பிப்ரவரி 20! அடுத்து, இறக்கிய கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணை ஒத்துப் பார்க்கச் சொல்வீர்கள். தளமே திருடன் கையில் இருக்கும்போது, அங்கே போட்டிருக்கும் ஹாஷ் எண்ணை மட்டும் எப்படி நம்புவது?

காவிரிக்கரை:
அதற்குத்தான் ஜிபிஜி கையொப்பம், உருவாக்கியவரின் ரகசியச் சாவி இல்லாமல் போட முடியாத மின்முத்திரை.

செந்தூரான்:
என் அப்பாவுக்கு எழுபது வயது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து கையொப்பம் சரிபார்ப்பாரா?

காவிரிக்கரை:
அவருக்கு மின்னஞ்சலில் "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்று ஒரு கோப்பு வரட்டும். விண்டோஸ் நிரல் என்பதைக் குறிக்கும் கடைசி ஒட்டான இஎக்ஸ்இயை விண்டோஸ் மறைத்து "பில்.பிடிஎஃப்" என்றுதான் காட்டும், அவரும் சொடுக்குவார். மின்ட்டில் அதே கோப்பைச் சொடுக்கினாலும் ஓடாது. கையொப்பமே எல்லாம் என்றால், கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனர் 5.33 என்ன ஆயிற்று? 2017இல் நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடனேயே தீநிரல் வந்ததே!

செந்தூரான்:
மின்ட்டைப் பற்றிக் கேட்டால் சிகிளீனரைக் காட்டுகிறீர்கள். கையொப்பத்தை நம்பச் சொன்னதும் நீங்கள், நம்பக் கூடாது என்பதும் நீங்கள். "வராது" என்று எழுதினீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
எழுதினேன். இன்றும் எழுதுவேன்.

பொன்னி:
செந்தூரான் ஐயா, சென்ற ஆண்டு என் அச்சுப்பொறிக் கேள்விக்கும் இப்படித்தான் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிரச்சினை தீரவே இல்லை.

செந்தூரான்:
அந்த அச்சுப்பொறியின் மாடல் எண்ணை நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை அம்மா. அந்தப் பழைய இழையை எடுத்துப் பாருங்கள்.

பொன்னி:
சொன்னேன். முதல் பதிவிலேயே இருக்கிறது.